புதுப்பிப்பு: மெட்டுக்குப் பாட்டெழுதும் பயிற்சி

மெட்டுக்குப் பாட்டெழுத முயலும்போது, பொருள் நன்றாக அமைந்தும் வரி தாளத்தில் உட்கார மறுக்கிறதே, அதற்கு என்ன பயிற்சி செய்யலாம் என்று இவ்விழையில் முன்பு கேட்டிருந்தேன். சொல்லைத் தேடும் முன் தத்தகாரத்தை (மெட்டின் நடையைக் காட்டும் "தன", "தானா" போன்ற பொருளற்ற அசைகளை) எழுதிக்கொள்ளுங்கள் என்று பலரும் கூறிய அறிவுரையை விடாமல் பின்பற்றி வருகிறேன். நல்ல பலன் தெரிகிறது.

"தானா தனனா" என்று மெட்டு நடக்குமானால் "வாடா மலரே" அதில் அப்படியே பொருந்துகிறது. "வாடாத பூவே" என்பதிலும் ஐந்தே எழுத்துகள்தாம், பொருளும் ஏறக்குறைய அதுவேதான். ஆனால் குறிலும் நெடிலும் நிற்கும் வரிசை மாறிவிடுவதால், பாடுபவர் "பூ" என்ற நெடிலைக் குறிலாகச் சுருக்கியே பாட வேண்டியிருக்கும். வாய்விட்டுப் பாடிப் பார்க்காமல் இந்த நுணுக்கம் பிடிபடுவதே இல்லை. அவ்வாறே, வரியின் முடிவில் சுரம் நீளும் இடத்தில் "காற்று" என்ற குற்றியலுகரச் சொல் தேய்ந்துவிட, "காற்றே" என்ற விளி தாராளமாக நீண்டு கொடுக்கிறது.

எதுகையும் மோனையும் பழகப் பழகத் தாமாகவே வந்துவிடுகின்றன. பல்லவிதான் இன்னும் கடினம். சரணத்தில் கருத்தை விரிக்க இடமுண்டு. பல்லவியோ ஒவ்வொரு சரணத்துக்குப் பின்னும் திரும்பி வருவதால், அதே சொற்கள் அப்போதைக்கப்போது புதுப்பொருள் தர வேண்டும் (எனக்கு மிகவும் பிடித்த சவாலும் இதுவே). ஆகவே ஒரே மெட்டுக்கு வெவ்வேறு பல்லவிகளை எழுதி, சில நாள் ஆறப்போட்டு, மறுபடி பாடிப் பார்த்த பின்பே ஒன்றைத் தேர்கிறேன். அடுத்து, பல்லவிக்கும் சரணத்துக்கும் இடையே அனுபல்லவி என்ற பகுதியும் உள்ள மெட்டுகளை எடுத்துக்கொள்ளவிருக்கிறேன்.