பெரிய வீட்டுச் சொந்தங்கள்

செல்வி சித்தி: கார்த்திக்கு நாளைக் காலை 7 மணிக்கு ஆபரேஷன். ராத்திரி ஆஸ்பத்திரியில் தங்க ஓர் ஆம்பளை ஆள் வேண்டும். யார் வருகிறீர்கள்?

முருகன் மாமா: ஆபரேஷனா? வாயு என்றுதானே சொன்னீர்கள்

பெரிய அத்தை: ஓமத் தண்ணீர் கொடுங்கள் என்றேன். என் பேச்சை எப்போது கேட்டீர்கள்

அருண்: அத்தை ப்ளீஸ்

நித்யா: யாரும் பயப்பட வேண்டாம், நான் சொல்கிறேன். இடது விலாவுக்குக் கீழே எல்லோருக்கும் மண்ணீரல் இருக்கிறது. வயிற்றில் கருவாக இருக்கும்போது பல சின்ன மொட்டுகள் ஒன்றுசேர்ந்துதான் அது உருவாகும். ஒரு மொட்டு சேராமல் தனியே நின்றால் துணை மண்ணீரல். பத்துப் பேரில் ஒருவருக்காவது இருக்கும், பெரும்பாலும் அவர்களுக்கே தெரியாது. கார்த்திக்கு அது கீழே, குடலுக்கு முன்னால் தொங்கும் கொழுப்புத் திரையில் இருக்கிறது. 3 செ.மீ.தான். ஆனால் காம்பு நீளம். அது முறுக்கிக்கொண்டால் ரத்தம் போகாது, உயிர் போகிற வலி. தானே அவிழ்ந்தால் வலி நின்றுவிடும்

பெரிய அத்தை: முறுக்கா? தீபாவளிக்கு இரண்டு டப்பா தின்றான்

அருண்: 😂😂

முருகன் மாமா: கேன்சர் கட்டி இல்லையே?

நித்யா: இல்லை மாமா. முதல் ஸ்கேனில் கட்டி, இல்லையென்றால் நெறிகட்டி வீங்கியது என்று சந்தேகப்பட்டார்கள். மருந்து ஏற்றி சி.டி. எடுத்தபோது பெரிய மண்ணீரல் போலவே இதுவும் வெளுத்துத் தெரிந்தது. அதற்கு வரும் ரத்தக்குழாயும் மண்ணீரல் குழாயிலிருந்து பிரிகிறது. லேப்ராஸ்கோப்பியில் காம்பைக் கட்டி எடுத்துவிடுவார்கள். எடுத்ததை பயாப்சிக்கு அனுப்புவார்கள்

முருகன் மாமா: சேகருக்கு மண்ணீரலை எடுத்தபோது நிமோனியா ஊசி எல்லாம் போட்டோமே

நித்யா: அவனுக்கு முழுசாக எடுத்தார்கள். கார்த்திக்குப் பெரியது அப்படியே இருக்கும், அந்த ஊசி தேவையில்லை

பெரிய அத்தை: சேகருக்கு அந்த பைக்கை வாங்கிக் கொடுத்தது யாராம்

முருகன் மாமா: அதை இப்போது ஏன் இழுக்கிறாய் அக்கா

பெரிய அத்தை: கேட்டேன், அவ்வளவுதான்

அருண்: ஞாயிற்றுக்கிழமை காதுகுத்து உண்டா? ஆட்டுக்கு அட்வான்ஸ் கொடுத்தாச்சு

செல்வி சித்தி: அதைப் பிறகு பேசலாம். ராத்திரிக்கு யார்?

அருண்: ஷிப்ட் 10 மணிக்கு முடியும் சித்தி. வரப் பார்க்கிறேன்

செல்வி சித்தி: 9 மணிக்கே கேட்டைப் பூட்டிவிடுவார்கள்

நித்யா: அவனுக்கு ராத்திரி 12 மணிக்கு மேல் சாப்பாடு கூடாது

முருகன் மாமா: எந்த மாடி?