பெரிபுரோஸ்தெடிக் ஃபிராக்சர்: 'பதிமூட்டருகு முறிவு' பொருந்துமா?

வணக்கம்.

மாற்று மூட்டு பதித்தவர்களுக்கு அந்த மூட்டை ஒட்டிய எலும்பு முறிவதைத்தான் பெரிபுரோஸ்தெடிக் ஃபிராக்சர் என்கிறார்கள். அதற்குத் தமிழ்ச் சொல்லாகப் போன மடலில் வந்த 'செயற்கை உறுப்புச் சூழ் எலும்பு முறிவு' என்ற பரிந்துரையில் எனக்குத் தயக்கம் இருக்கிறது. செயற்கை உறுப்பு என்றதுமே நம்மவர்களுக்கு ஜெய்ப்பூர் கால்தான் நினைவுக்கு வரும். நாம் பேசுவது எலும்புக்குள் பதித்த மூட்டு. அதற்குப் 'பதிமூட்டு' என்று சொல்லலாமே. சொல்லில் 'இடுப்பு' என்பதையும் சேர்க்க வேண்டாம். முழங்கால், தோள் மாற்று மூட்டுகளிலும் இதே சிக்கல் உண்டு. இம்முறிவுகளுக்கென 2014இல் வந்த ஒருங்கிணைந்த வகைப்பாடு அவற்றையும் சேர்த்தே எடுத்துக்கொள்கிறது.

'சூழ்' என்பதும் முழுதாக ஒட்டவில்லை. இடுப்பு மாற்று மூட்டருகே தொடையெலும்பு முறிவதற்கு, டங்கன், மஸ்ரி என்ற மருத்துவர்கள் 1995இல் தந்த வான்கூவர் வகைப்பாட்டைப் பாருங்கள். தொடையெலும்பின் மேல்முனைப் புடைப்புகள் முறிந்தால் ஏ. பதிமூட்டில் தொடையெலும்புக்குள் இறங்கும் பகுதிதான் தண்டு; அதைச் சுற்றியோ அதன் நுனியை ஒட்டியோ முறிந்தால் பி. நுனிக்கு நன்றாகக் கீழே என்றால் சி. இந்தச் சி வகை எதையும் சூழ்ந்து நிற்பதில்லை. ஆகவே 'பதிமூட்டருகு முறிவு' என்பது என் பரிந்துரை.

அதைவிட முக்கியம் பி வகையின் உட்பிரிவுகள். பி1இல் தண்டு அசையாமல் இருக்கிறது; பெரும்பாலும் தகடும் கம்பியும் வைத்து முறிவைப் பொருத்தினால் போதும். பி2இல் எலும்பு நன்றாக இருந்தாலும் தண்டு தளர்ந்துவிட்டது. வழக்கமாக அதை எடுத்துவிட்டு, முறிவைத் தாண்டி இறங்கும் நீளத்தண்டு பதிப்பார்கள். பி3இல் தண்டும் தளர்ந்து, எலும்பும் நலிந்துபோயிருக்கும். மூன்றிலும் கடினமானது இதுதான். எக்ஸ்ரேயில் பி1 போலத் தெரிந்தது, திறந்து பார்த்தால் பி2 ஆக இருப்பதும் நடக்கிறது. தளர்ந்த தண்டை அப்படியே விட்டுத் தகடு மட்டும் வைத்தால் அது தோற்றுப்போகக்கூடும். இந்த நோயாளிகளில் பலர் வயதானவர்கள், இன்னொரு அறுவையை அந்த உடம்பு தாங்க வேண்டும்.

எனவே இங்கே சொல் குழம்பவே கூடாது. 'உறுதியற்ற பி2' என்று எழுதினால் உறுதியற்றது முறிவா, தண்டா என்று தெரியாது. 'நிலைத்த தண்டு', 'தளர்ந்த தண்டு' என்று தண்டையே சொல்லிவிடுவோம். எலும்பின் மிச்சத் தரத்துக்கு 'எலும்பு வளம்' எனக்குப் பிடித்திருக்கிறது. ஏ, பி, சி எழுத்துகளை அ, ஆ, இ ஆக்க வேண்டாம். டிஸ்சார்ஜ் சம்மரியில் பி2 என்றுதான் இருக்கும். வீட்டார் அதை வைத்துத்தான் தேடுவார்கள்.

அப்புறம், ஏ வகையின் இரண்டு புடைப்புகளுக்குப் 'பெரும்புடைப்பு', 'சிறுபுடைப்பு' சரியா? உடற்கூறியல் படித்தவர்கள் சொல்லுங்கள்.