ஸ்பிரிங் ஏர் ரைபிளில் ஆட்டோ சேஃப்டி தேவைதானா?

பத்துமீட்டர்க்காரன்:
ஸ்பிரிங் ஏர் ரைபிள் வாங்கும்போது, காக் செய்ததும் (அதாவது, குழலை மடித்தோ நெம்புகோலை இழுத்தோ ஸ்பிரிங்கை அழுத்திச் சுடத் தயாராக்கியதும்) சுடவிடாமல் தடுக்கும் சேஃப்டி தானாக விழும் மாடலைத்தான் வாங்க வேண்டுமா என்று புதியவர் ஒருவர் சென்ற வாரம் இங்கே கேட்டிருந்தார். அவசியமில்லை என்பது என் கருத்து. நான் ஏர் பிஸ்டல் சுடுபவன். போட்டிக்கென்றே செய்யப்படும் பிஸ்டல்களில் பெரும்பாலானவற்றுக்குச் சேஃப்டி பொத்தானே கிடையாது. பிஸ்டலின் டிரிகர் குறைந்தது 500 கிராம் எடையைத் தாங்க வேண்டும் என்று சர்வதேச விதி சொல்கிறது. ஏர் ரைபிளுக்கு அந்தக் கீழ்வரம்புகூட இல்லை. இத்தனை லேசான டிரிகர்களை வைத்துக்கொண்டு பலர் ஒரே வரிசையில் நின்று சுடும் இடத்தில் ஆளைக் காப்பது, சுடாத நேரத்தில் குழலுக்குள் செருகி வைக்கும் வண்ணக் கயிறும், ஆணை வந்த பிறகே பெல்லட் என்ற சிறு குண்டை ஏற்றும் பழக்கமும், இலக்கை விட்டு விலகாத குழலும்தான். ஆட்டோ சேஃப்டியோ, 'பொத்தான் பார்த்துக்கொள்ளும்' என்ற தைரியத்தை விரலுக்குப் பழக்கிவிடுகிறது.

கருவேலன்:
ரேஞ்சில், அதாவது சுடும் பயிற்சித் திடலில், உங்களைக் கண்காணிக்க ஓர் அதிகாரி நிற்கிறார். கொல்லைப்புறத்தில் யார் நிற்கிறார்கள்? 2016ஆம் ஆண்டின் ஆயுத விதிகளின்படி, 0.177 அங்குல அளவுக் குழலும் 20 ஜூலுக்கு மேற்படாத ஆற்றலும் கொண்ட ஏர் ரைபிளுக்கு நம் நாட்டில் உரிமம் வேண்டாம். அதாவது, ஒரு நாள் பயிற்சிகூட இல்லாதவர் கைக்கும் அது போய்ச் சேரும். அப்படிப்பட்டவருக்காகத்தான் ஆட்டோ சேஃப்டி இருக்கிறது. ஜெர்மனியின் வைராவ் நிறுவனத்து ரெக்கார்டு டிரிகரைப் பாருங்கள். குழலை மடித்துக் காக் செய்த உடனே, பின்பக்கம் ஒரு சிறு பொத்தான் வெளியே எட்டிப் பார்க்கும். அதைக் கட்டைவிரலால் உள்ளே தள்ளினால்தான் சுட முடியும். அந்த ஒரு நொடியில், தான் என்ன செய்யப்போகிறோம் என்பது சுடுபவருக்கு நினைவு வருகிறது. ஐம்பது பெல்லட்டுக்கு ஐம்பது முறை பொத்தானைத் தள்ளுவது தொந்தரவு என்பவருக்கு என்னிடம் பதில் இல்லை.

பட்டறைவாசி:
இருவரும் இரண்டு வெவ்வேறு விஷயங்களை ஒன்றாக்கிப் பேசுகிறீர்கள். ஸ்பிரிங் ரைபிளில், ஸ்பிரிங்கின் விசையால் முன்னே பாய்ந்து காற்றை அழுத்தும் பிஸ்டனைப் பிடித்து நிறுத்துவது டிரிகர் அல்ல, சியர் என்ற சின்ன எஃகுத் துண்டு. டிரிகர் அந்தச் சியரை விடுவிக்கும் நெம்புகோல் மட்டுமே. விலை குறைந்த பல மாடல்களில் சேஃப்டி தடுப்பது டிரிகரைத்தான். சியர் தானாக வழுக்கினால் சேஃப்டி போட்டிருந்தும் பயனில்லை.

இதை அனுபவித்தே தெரிந்துகொண்டேன். சில ஆண்டுகளுக்கு முன் தெரிந்தவர் ஒருவரின் மடிப்புக் குழல் ரைபிளைப் பழுதுபார்த்துக்கொண்டிருந்தேன். குழலை முழுதாக மடித்து, சேஃப்டி விழுந்ததைக் கண்ணால் பார்த்துவிட்டுப் பெல்லட்டை வைக்கும்போது, டிரிகரை யாரும் தொடாமலேயே குழல் படீரென்று மேலே வந்து மூடிக்கொண்டது. விரலை அப்போதுதான் எடுத்திருந்தேன். நகத்தின் ஓரம் மட்டும் கிழிந்தது. ரைபிளின் மரக்கட்டை, பிடியை ஒட்டி நீளவாக்கில் விரிசல் விட்டிருந்தது. பிறகு சியரைக் கழற்றி லென்ஸில் பார்த்தால், கூராக இருக்க வேண்டிய விளிம்பு சோப்புக் கட்டி போல மழுங்கியிருந்தது. டிரிகரை லேசாக்குவதற்காக ஸ்க்ரூவைத் திருகித் திருகி, இரு விளிம்புகளும் ஒன்றையொன்று பிடிக்கும் அளவை அவர் குறைத்து வைத்திருந்தார்.

ஆகவே, ஆட்டோவா மேனுவலா என்பதை விட முக்கியமான கேள்வி, குழலோ பெல்லட் ஏற்றும் அறையோ திறந்திருக்கும்போது பிஸ்டன் விடுபட்டால் விரலைக் காக்க ஏதேனும் இருக்கிறதா என்பதுதான். ஏர் ஆர்ம்ஸ் டிஎக்ஸ் 200 மாடலில் காக் செய்யும் நெம்புகோலை இழுக்கும்போதே ஒரு பல்தடுப்பு கடகடவென்று விழுந்துகொண்டே வரும். சியர் வழுக்கினாலும் அறை விரல் மேல் மூடாது. விலை கூடுதல்தான், ஆனால் விரலை விடக் குறைவு.

பத்துமீட்டர்க்காரன்:
சியர் பற்றிச் சொன்னதை ஏற்கிறேன். பழக்கம் எவ்வளவு நல்லதாக இருந்தாலும் மழுங்கிய எஃகை அது காப்பாற்றாது. ஆனால் மடிப்புக் குழல் ரைபிளில், குழல் திறந்திருக்கும்போது டிரிகரையே பூட்டிவிடும் வகைத் தடுப்புக்கும் ஒரு விலை உண்டு. காக் செய்தபின் சுட வேண்டாம் என்று தோன்றினால் என்ன செய்வது? வைராவின் மடிப்புக் குழல் ரைபிளில், குழலை இறுகப் பிடித்துக்கொண்டு சேஃப்டியைத் தள்ளி, டிரிகரை அழுத்தி, மெல்ல மெல்ல மேலே விட்டு ஸ்பிரிங்கைத் தளர்த்திவிடலாம். அந்தப் பூட்டு இருந்தால் இது முடியாது. சுட்டுத்தான் காலி செய்ய வேண்டும்.

கருவேலன்:
நீங்கள் சொல்லும் அந்தத் தளர்த்தும் வேலையில்தான் கை வழுக்குகிறது, நண்பரே. இடது கை ஸ்பிரிங்கின் முழுப் பலத்தையும் தாங்க, வலது கை பொத்தானையும் டிரிகரையும் கவனிக்க வேண்டும். வியர்த்த கையோடு அதைச் செய்வதை விட, பெல்லட் ஏற்றி, பெல்லட்டைத் தாங்கும் பெட்டிக்குள் சுட்டுவிடுவது மேல். பெல்லட் இல்லாமல் சுட்டால், முன்னே காற்றுத் தடை இல்லாததால் பிஸ்டன் நேராகப் போய் மோதிவிடும் என்பதையும் புதியவர்கள் தெரிந்துகொள்ள வேண்டும்.

பட்டறைவாசி:
அதையே நானும் சொல்வேன். கேள்வி கேட்ட புதியவருக்கு ஒரு சோதனை. பழைய துப்பாக்கியானால் வாங்கும் முன்பே செய்து பாருங்கள். குழலை மூடும் வரை நெம்புகோலையோ குழலையோ ஒரு கையால் பிடித்தே பெல்லட் ஏற்றுங்கள். பெட்டியை நோக்கி நிறுத்தி, சேஃப்டி போட்ட நிலையில் டிரிகரை வழக்கத்தை விட அழுத்தமாக இழுங்கள். கையை எடுத்துவிட்டு, டிரிகரைத் தொடாமல் சேஃப்டியை விடுவியுங்கள். அந்த நொடியில் துப்பாக்கி சுட்டுவிட்டால், விற்பவர் விலையைப் பாதியாக்கினாலும் வாங்காதீர்கள். சுடாவிட்டால், குழலை இலக்கிலிருந்து எடுக்காமல் கட்டையின் பின்புறத்தை ரப்பர் சுத்தியலால் லேசாக இரண்டு தட்டுத் தட்டுங்கள்; அப்போது சுட்டாலும் வாங்காதீர்கள். என் பட்டறைக்கு வந்த அந்த ரைபிளை முதலில் இப்படித் தட்டிப் பார்த்திருந்தால் என் நகம் தப்பியிருக்கும்.