கல்லூரிப் பெயர் எவ்வளவு தூரம் கூட வரும்?

மரங்கொத்தி: தங்கைக்கு இரண்டு கல்லூரிகளில் இடம் கிடைத்திருக்கிறது. ஒன்று எல்லோரும் அண்ணாந்து பார்க்கும் கல்லூரி. ஆனால் பாடம் வேதியியல், அவளுக்கு ஆகவே ஆகாது. இன்னொன்று யாரும் கேள்விப்படாத கல்லூரி, ஆசைப்பட்ட கணினி அறிவியல். "அந்தப் பெயர் ஒன்று போதும், ஆயுசுக்கும் காப்பாற்றும்" என்கிறார் மாமா. அப்படியா?

கடைசிபெஞ்ச்: மாமா சொல்வது சரி. ஒன்பது வருடமாக ஆள் எடுக்கும் வேலையில் இருக்கிறேன். ஓர் இடத்துக்கு ஐந்நூறு விண்ணப்பம் வந்தால், முதல் வடிகட்டல் கல்லூரிப் பெயரை வைத்துத்தான். நியாயமா என்று கேட்காதீர்கள், நடப்பது அதுதான்.

கணக்குப்பிள்ளை: பெரிய கல்லூரியில் படித்தவர்கள் நிறையச் சம்பாதிக்கிறார்கள், சரி. அது கல்லூரி கொடுத்ததா, அங்கே இடம் பிடிக்கும்போதே அவர்களிடம் இருந்ததா? அமெரிக்காவில் ஸ்டேசி டேல், ஆலன் க்ரூகர் இருவரும் 2002-ல் வெளியிட்ட ஆய்வு இதைத்தான் பிரித்துப் பார்த்தது. 1976-ல் சேர்ந்தவர்களில், ஒரே மாதிரிக் கல்லூரிகளுக்கு விண்ணப்பித்து, ஒரே மாதிரி இடமும் கிடைத்தவர்களை எடுத்துக்கொண்டார்கள். சிலர் பெரிய கல்லூரிக்குப் போனார்கள், சிலர் வேண்டாம் என்று சாதாரணக் கல்லூரியில் சேர்ந்தார்கள். இருபது வருடம் கழித்துப் பார்த்தால் சம்பளத்தில் பெரிய வித்தியாசமே இல்லை. ஓடுகிற குதிரை எந்த லாயத்திலிருந்து வந்தாலும் ஓடும்.

கடைசிபெஞ்ச்: கணக்கு சார், அது சராசரி. 2023-ல் ராஜ் செட்டி, டெமிங், ஃப்ரீட்மன் மூவரும் காத்திருப்புப் பட்டியலில் இருந்த மாணவர்களை வைத்துப் பார்த்தார்கள். அமெரிக்காவின் உச்சியில் உள்ள பன்னிரண்டு தனியார் கல்லூரிகளுக்குப் போனால், நல்ல அரசுப் பல்கலைக்கழகத்துக்குப் போவதைவிடச் சராசரி வருமானம் அவ்வளவாகக் கூடவில்லை. ஆனால் வருமானத்தில் முதல் 1 சதவீதத்துக்குள் நுழையும் வாய்ப்பு சுமார் ஒன்றரை மடங்காகிறது. இதைச் சொல்லாமல் விட்டுவிட்டீர்களே?

செங்காந்தள்: உச்சிக்குப் போவது யார் என்றும் பாருங்கள். சிலி நாட்டில் சேத் சிம்மர்மன் செய்த ஆய்வு, 2019. பெரிய கல்லூரிகளின் கட்-ஆஃபில் நூலிழையில் தேறியவர்களையும் நூலிழையில் தவறியவர்களையும் ஒப்பிட்டார். பெரிய நிறுவனங்களின் தலைமைப் பதவிக்குப் போகும் வாய்ப்பு கூடியது கட்டணம் அதிகமுள்ள தனியார் பள்ளியில் படித்து வந்த பையன்களுக்கு மட்டும். பெண்களுக்குப் பலன் ஏறக்குறைய ஒன்றுமில்லை. கதவைத் திறந்துவிட்டது பாடமா, கூடப் படித்த பணக்கார நண்பனா? மரங்கொத்தி கேட்பது தங்கைக்காக என்பதை நினைவில் வையுங்கள்.

கணக்குப்பிள்ளை: அதோடு, நார்வேயில் 2016-ல் வந்த ஆய்வில் வருமானத்தை அதிகம் மாற்றியது பாடம்தான், கல்லூரி அல்ல.

கடைசிபெஞ்ச்: என் மேசைக்கு நார்வேயிலிருந்து விண்ணப்பம் வருவதில்லை.

மரங்கொத்தி: ஒன்று சொல்ல மறந்துவிட்டேன். எங்கள் வீட்டில் பட்டப்படிப்புக்குப் போகும் முதல் ஆள் அவள்தான்.

கணக்குப்பிள்ளை: அடடா. அப்படியென்றால் நானே என் கட்சிக்கு எதிராகப் பேச வேண்டியிருக்கிறது. டேலும் க்ரூகரும் பின்னால் செய்த ஆய்வில், பெற்றோர் அதிகம் படிக்காத பிள்ளைகளுக்குப் பெரிய கல்லூரியால் பலன் இருந்தது. வீட்டில் வழிகாட்டவோ அறிமுகம் செய்துவைக்கவோ ஆள் இல்லாதபோது, அதைக் கல்லூரி செய்கிறது என்று நினைக்கிறேன். ஆனாலும் பிடிக்காத பாடத்தை மூன்று நான்கு வருடம் இழுப்பது பற்றி அந்த ஆய்வு பேசவில்லை.

மரங்கொத்தி: கடைசிபெஞ்ச், தங்கை உங்களிடம் ஒன்று கேட்கச் சொன்னாள். அந்த முதல் வடிகட்டல் எத்தனை வருடத்துக்கு நடக்கும்?

கடைசிபெஞ்ச்: நல்ல கேள்வி. முதல் வேலைக்கு மட்டும்தான் என்று சொல்லலாம். ஐந்து வருட அனுபவத்தோடு வருபவரிடம் கடைசி வேலையில் என்ன செய்தார் என்றுதான் கேட்பேன், கல்லூரி விண்ணப்பத்தின் அடியில் ஒரு வரி. ஆனால் அந்த முதல் வேலை கிடைக்க வேண்டுமே! பணம் கட்டுவதற்கு முன், அந்தச் சின்னக் கல்லூரியில் போன வருடம் கணினி அறிவியல் முடித்தவர்கள் நாலு பேரைப் பிடித்து, இப்போது எங்கே இருக்கிறார்கள் என்று விசாரியுங்கள். கல்லூரி அலுவலகத்தில் கேட்காதீர்கள்.

செங்காந்தள்: நாலு பேரில் இரண்டு பேராவது பெண்களாக இருக்கட்டும்.