எக்ஸ் பூச்சியமாக இருந்தால்?

வெளிநாட்டில் மேற்படிப்புக்கு எழுதுகிற ஜிஆர்இ பரீட்சையின் கணிதப் பகுதிக்கு எப்படித் தயாரானேன் என்று இரண்டு தம்பிமார் கேட்டிருந்தார்கள்.

நான் கிளிநொச்சி அறிவியல் நகரில் பொறியியல் முடித்தவன். ஏ/எல்லில் இணைந்த கணிதம். 27 கேள்வி, 47 நிமிடம் என்றதும் சிரிப்புத்தான் வந்தது. வகையீடு இல்லை, தொகையீடு இல்லை, திரிகோண கணிதம்கூட இல்லை. பற்றாததற்குத் திரையில் கல்குலேட்டர் வேறு. பரீட்சையை நடத்துகிற ஈடிஎஸ் நிறுவனம் இலவசமாகத் தருகிற பவர்பிரெப் மாதிரிப் பரீட்சையை ஒரு ஞாயிறு பின்னேரம் செய்து பார்த்தேன். 170க்கு 154.

விழுந்த இடம் ஒப்பீட்டுக் கேள்விகள். இரண்டு கணியம் தருவார்கள். எது பெரிது, சமமா, தீர்மானிக்கவே முடியாதா என்று சொல்ல வேண்டும். எக்ஸின் வர்க்கம் பெரிதா, எக்ஸ் பெரிதா? வர்க்கம்தான் என்று யோசிக்காமல் அமத்திவிட்டேன். எக்ஸ் அரை என்றால் வர்க்கம் கால்தானே! பூச்சியம் என்றால் இரண்டும் சமன். ஒன்றைவிடப் பெரிய நிறைவெண் என்று அவர்கள் எங்கேயும் சொல்லவில்லை, நானாக நினைத்துக்கொண்டேன். அதற்குப் பிறகு 2, 1, 0, அரை, மறை அரை, மறை 2 என்று ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்க்கப் பழகினேன். நிறுவல் எழுதிப் பழகிய கைக்கு இது லேசில் வராது. படிக்குப் படி புள்ளி தர இங்கே ஆளில்லை. பிழைக்குப் புள்ளி குறைப்பதும் இல்லை, ஆகவே ஒன்றையும் வெறுமையாக விடாதீர்கள்.

வீட்டிலிருந்தும் எழுதலாம். ஆனால் சாதாரணத் தாளில் கணக்குப் பார்க்க விடமாட்டார்கள், சின்ன வெண்பலகை மாதிரி அழித்து எழுதக்கூடியது வேண்டும். அறைக்குள் வேறு ஆள் வரக்கூடாது. எங்கள் வீட்டில் நடக்கிற காரியமா? கரண்ட் போகாமல் இருந்தாலும் கூரையில் மயில் வந்து குதிக்கும். இரவு பஸ் பிடித்துக் கொழும்புக்கே போனேன்.

முதல் 12 கேள்வி சுகமாக முடிந்தது. அடுத்த 15 கழுத்தைப் பிடித்தது. சரி, தொலைந்தேன் என்று நினைத்தேன். முதற்பகுதியை நன்றாகச் செய்தவர்களுக்குத்தான் இரண்டாவது கடினமாக வரும் என்று எத்தனையோ தரம் வாசித்திருந்தும் அந்த நேரம் அது மண்டையில் ஏறவில்லை. கடைசியில் திரையில் 163.

•

இதற்கு வந்த பின்னூட்டம் ஒன்று: அண்ணா, நான் வவுனியா. எனக்குக் கணக்கு வந்தது, சொல்தான் வரவில்லை. தமிழில் படித்ததால் இன்டிஜர் என்றால் நிறைவெண், பிரைம் என்றால் முதன்மை எண் என்று ஒரு கொப்பியில் இரண்டு நிரலாக எழுதினேன். எல்லாம் எழுதியும் ஃபக்டரையும் மல்டிபிளையும் மாற்றிப்போட்டு, காரணி கேட்ட இடத்தில் மடங்கு எண்ணிக்கொண்டிருந்தேன். எண்ணி முடியவே இல்லை, அதில்தான் பிடிபட்டது.