வறுமை ஒழிப்பு அலகில் எங்கே ஓட்டை? பார்த்துச் சொல்லுங்கோ

கிளிநொச்சி ரீச்சர்:
உயர்தரப் பொருளியல் பிள்ளைகளுக்கு வறுமை ஒழிப்புக் கொள்கை பற்றி ஒரு சின்ன அலகு வைத்திருக்கிறேன். 1979 உணவு முத்திரை, 1989 ஜனசவிய, 1995 சமுர்த்தி, 2023 அஸ்வெசும என்று இலங்கை அரசின் உதவித் திட்டங்களில் வரிசையாகப் போய், வறுமைக்கோட்டை விளக்கி, கடைசியில் பிள்ளைகள் தங்கள் வீட்டு மாத வருமானத்தை எழுதி, கோட்டுக்கு மேலா கீழா என்று பார்க்கும் செயற்பாடு. ஆண்டுகளைப் பாடமாக்குகிறார்கள், மற்றப்படி வகுப்பில் ஒரு கேள்வி வருவதில்லை. என்ன குறை? முகத்துக்கு நேரே சொல்லுங்கோ.

முள்ளியவளை சேர்:
முதலில் அந்த வருமானத் தாளைத் தூக்குங்கோ ரீச்சர். பக்கத்து மேசைப் பிள்ளை எட்டிப் பார்க்க யார் உண்மையை எழுதும்? நெல் வெட்டினால் காசு, கூலி கிடைத்தால் காசு என்றிருக்கிற வீட்டில் மாத வருமானம் என்று எதைச் சொல்வது? அதைவிட, எங்கள் வறுமைக்கோடே தலைக்குரிய நுகர்வுச் செலவை வைத்துத்தான், வருமானத்தை வைத்தல்ல. 2016 கணக்கெடுப்பில் அந்தக் கோட்டுக்குக் கீழே இருந்தவர்கள் நாடு முழுவதற்கும் 4.1 வீதம், கிளிநொச்சிக்கு 18.2. இந்த இரண்டு எண்ணையும் பலகையில் எழுதி ஏன் என்று கேட்டாலே ஒரு பாடவேளை ஓடிவிடும்.

பழைய உத்தியோகத்தர்:
நான் சமுர்த்திப் பக்கம் வேலை செய்தவன். திட்டங்களின் பெயர் எல்லாம் இருக்கு, ஆள் தெரிவு எங்கே? சண்டையே அங்கேதானே. அஸ்வெசுமவில் 22 சுட்டிகள். கல்வி, சுகாதாரம், சொத்து, வீடு என்று பார்த்துப் புள்ளி போடுவார்கள். ஒரு குடும்பத்தை எழுதுங்கோ: கணவன் காணாமல் போனவர், இந்திய வீட்டுத்திட்டத்தில் கல்வீடு, வீட்டுக்குக் கொடுத்த காசு போதாமல் நகை அடகில், சுவர் இன்னும் பூசவில்லை, வாசலில் ஒரு பழைய மோட்டார் சைக்கிள். தாளில் பார்த்தால் வசதியான குடும்பம்! அடுத்த வளவில் தகரக் கொட்டில், ஆனால் மகன் வெளிநாட்டிலிருந்து காசு அனுப்புகிறான். இப்படி ஆறு கற்பனைக் குடும்பம் எழுதி, மூன்றுக்குத்தான் காசு இருக்கு என்று குழுக்களிடம் கொடுங்கோ. தெரிவுப் பட்டியலைச் சுவரில் ஒட்டிய பிறகு மற்றக் குழு மேன்முறையீடும் ஆட்சேபனையும் எழுதட்டும், அஸ்வெசுமவிலும் இரண்டுக்கும் இடம் இருக்கு.

மாங்குளம் பெடியன்:
1995 சமுர்த்தி என்று போட்டிருக்கிறீர்கள். அந்த ஆண்டு வன்னியில் யாருக்குக் கிடைத்தது? இங்கே அது காலூன்றியது போருக்குப் பிறகுதான். அதைச் சொல்லாமல் விட்டால், பிள்ளை வீட்டில் போய்க் கேட்கும், அம்மம்மா சிரிப்பா. நுண்கடனையும், அதாவது ஏழை வீடுகளுக்குக் கொடுக்கிற சின்னக் கடனையும், காணவில்லை. வறுமையைப் போக்க என்று வந்து கிழமைக்குக் கிழமை தவணை கேட்டுப் படலையில் நின்றதும் அதுதான். 2018இல் வரட்சி பாதித்த மாவட்டங்களில் பெண்கள் எடுத்த, ஒரு இலட்சத்துக்கு மேற்படாத கடன்களை அரசு தீர்க்க வேண்டி வந்ததே, அதை ஏன் விடுகிறீர்கள்?

கிளிநொச்சி ரீச்சர்:
வருமானத் தாள் போச்சு. ஐயா, அந்த ஆறு குடும்பமும் இரண்டு பாடவேளைக்குள் முடியுமா?

பழைய உத்தியோகத்தர்:
தெரிவுக்கு ஒன்று போதும் பிள்ளை. ஆட்சேபனைக்கு மற்றதை முழுதாக விடுங்கோ, அங்கேதான் வாய் திறப்பினம்.