ஒன்றாம் வகுப்பில் சூடும் குளிரும்: தொட்டுப் பார்த்துப் பேசிய அனுபவம்

வெப்பநிலைப் பாடம் என்றால் பலரும் ஐஸ்கிரீம் படம், அடுப்புப் படம் என்று காட்டித் தொடங்குகிறோம். பிள்ளைகளும் "சூடு", "குளிர்" என்று கோரஸாகச் சொல்லிவிடுவார்கள். தொட்டுப் பார்த்தால்தான் பேச்சு வரும் என்பது என் அனுபவம்.

மூன்று பேசின்கள் வைப்பேன். ஒன்றில் ஐஸ்கட்டி மிதக்கும் தண்ணீர், நடுவில் குழாய்த் தண்ணீர், மூன்றாவதில் வெந்நீர். வெந்நீர் 40 டிகிரி செல்சியஸைத் தாண்டவே கூடாது. தெர்மாமீட்டரில் பார்த்து, என் முழங்கையையும் நனைத்துப் பார்த்த பிறகுதான் பிள்ளைகளைக் கூப்பிடுவேன். ஒரு கை ஐஸ் தண்ணீரில், மறு கை வெந்நீரில். சேர்ந்து 20 வரை எண்ணுவோம். அப்புறம் இரண்டு கையும் நடுப் பேசினுக்கு.

ஒரு சிறுமி கையை வெளியே எடுக்கவே இல்லை. "டீச்சர், இந்தக் கைக்குச் சுடுது, இந்தக் கைக்கு ஜில்லுங்குது. தண்ணி ஒண்ணுதானே?" என்றாள். வகுப்பே அவளைச் சுற்றி நின்றது. அந்தக் கேள்விக்கு உடனே விளக்கம் சொல்லிவிடாதீர்கள். நடுப் பேசினில் தெர்மாமீட்டரை வைத்து, அது ஒரே எண்ணைக் காட்டுவதை அவர்களே பார்க்கட்டும். காய்ச்சல் பார்க்கும் டிஜிட்டல் கருவி இதற்கு ஆகாது, பெரும்பாலும் 32 டிகிரிக்குக் கீழே எண் காட்டாது. பாதரசம் உடைந்தால் ஆபத்து. சிவப்புத் திரவம் உள்ளதுதான் சரி.

பிறகு, வீட்டில் இதை எப்படிச் சொல்வீர்கள் என்று கேட்பேன். வெதுவெதுன்னு, பச்சத்தண்ணி, கதகதன்னு, ஆவி பறக்குது என்று வந்துகொண்டே இருக்கும். சொன்னதையெல்லாம் அட்டையில் எழுதி, தரையில் கயிறு போட்டு, குளிரிலிருந்து சூடு வரை வரிசையாக வைக்கச் சொல்வேன். வெதுவெதுப்புக்குப் பக்கத்தில் கதகதப்பை வைக்கப் போன பையனை இன்னொருவன் தடுத்தான்: "அது போர்வைக்குள்ளதான்டா, தண்ணிக்கு வராது." இப்படி ஒரு வாதம் படத்தைக் காட்டி வந்ததே இல்லை.

பதில்:
நான் அங்கன்வாடியில் இருக்கிறேன். மூன்று வயதுப் பிள்ளைகளுக்கு அட்டை ஒத்துவராது. ஒரே தட்டில் எவர்சில்வர் கரண்டியும் மரக்கரண்டியும் நிழலில் வைத்து, கன்னத்தில் ஒற்றிப் பார்க்கச் சொன்னேன். எவர்சில்வர் ஜில்லென்று இருக்கிறது என்றார்கள். இரண்டும் ஒரே வெப்பநிலைதான். எவர்சில்வர் நம் உடம்புச் சூட்டை வேகமாக இழுப்பதால்தான் அப்படித் தெரிகிறது. அதை நான் விளக்கவில்லை. "ஜில்லு கரண்டி எது?" என்று கண்ணைக் கட்டி எடுக்க வைத்தேன், அந்த வயதுக்கு அது போதும். உங்கள் பேசின் விளையாட்டைச் சித்திரை மாதத்தில் செய்தால் சரியாக வருமா?

பதில்:
மதியம் செய்யாதீர்கள். மொட்டைமாடித் தொட்டித் தண்ணீர் அப்போது வெந்நீர் மாதிரியே வரும், நடுப் பேசினுக்கு வித்தியாசம் இருக்காது. முதல் நாள் மாலையே வாளியில் பிடித்து வகுப்புக்குள் மூடி வைத்துவிட்டு, காலை முதல் பாடவேளையில் செய்யுங்கள்.